அட்யேரி பார்த்த காயங்கள்

ஊரில் எதையும் துணி போட்டு மறைத்துவிடலாம், உப்புப் பாத்தித் தண்ணீரிடம் மறைக்க முடியாது. நகக்கண்ணில் ஒரு கீறல் இருந்தால் போதும், மிளகாயை அரைத்து அப்பியதுபோல எரிய ஆரம்பித்துவிடும். அதனால் காயம்பட்டவள் இறங்க மாட்டாள். இறங்காமல் வரப்பில் உட்கார்ந்தாலோ, ஏரிக்கரை முழுக்க "ஏன்டி இறங்கல?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். வீட்டுக்குள் நடந்ததை வெளியே இழுத்துப்போடுகிற தண்ணீர் அது.

அந்தத் தண்ணீரையும் ஏமாற்றத் தெரிந்தவள் கபொனேசா ஒருத்திதான். பசு நெய்யைக் காய்ச்சி ஆறவைத்து, மரவள்ளி மாவைப் போட்டுப் பிசைந்து, ஏதோ ஒரு பச்சிலையைக் கசக்கிச் சேர்ப்பாள். என்ன இலை என்று கேட்டால் சிரிப்பாள். அந்தக் களிம்பைக் காயத்தின்மேல் கனமாக அப்பி, பாலிதீன் தாளைச் சுற்றி, சைக்கிள் ட்யூப் வாரால் கட்டிவிட்டால் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் அரை நாள் நிற்கலாம். புருஷனிடம் அடிவாங்கியவள் விடிந்ததும் கபொனேசா வாசலுக்குப் போவாள். கட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு குவளை கஞ்சி குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போல் பாத்தியில் இறங்குவாள். ஒரு வார்த்தை வெளியே போகாது. அவளைப்போல ஒரு மனுஷி கிடையாது என்று கரையில் எல்லாப் பெண்களும் சொல்வார்கள். அதிகமாகச் சொன்னவள் குனிஹிரா.

இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த பாத்தி, நடுவில் ஒரே வரப்பு. இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பக்கம் இவள் மண் அப்பினால் இந்தப் பக்கம் அவள் கம்பு ஊன்றுவாள். குனிஹிராவைக் கபொனேசா அகீகி என்பாள், கபொனேசாவைக் குனிஹிரா அட்யேரி என்பாள். வேண்டியவர்களை அப்படி அந்தச் செல்லப்பெயரால்தான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சண்டைக்கு வருகிறாள் என்று அர்த்தம்.

பிப்ரவரி முடியப்போகிற நேரம். இரண்டு மாத வெயிலில் பாத்திகளில் உப்பு ஏடு கட்டியிருந்தது. மலைப்பக்கம் இரண்டு நாளாகக் கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு மழை அடித்தால் போதும், இரண்டு மாசப் பாடு கரைந்து ஏரியோடு போய்விடும். ஆகவே கரையில் யாரும் நிமிரவில்லை. அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற அந்தச் சிவந்த தண்ணீரில் குனிந்து, கையால் ஏட்டைத் தள்ளிக் கூட்டி, பேசினில் வாரி வரப்பில் கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.

குனிஹிராவுக்கு உதவ மகள் கெங்கோன்சி வந்திருந்தாள். ஒரே மகள், இருபது வயசு, கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம். பேச்சு குறைந்துபோயிருந்தது. கல்யாணமானால் அப்படித்தான் என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது மகளுக்குப் பின்னால் தண்ணீரில் ஏதோ மினுங்கியது. குனிஹிரா உற்றுப் பார்த்தாள். நெய். சின்னச் சின்ன வட்டமாக மிதந்து, நடுவில் வெள்ளை மாவு பிரிந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். பச்சிலை வாசம். ஒரு காலத்தில் அவள் உடம்பிலேயே வீசிய வாசம்தான், மறக்குமா.

"மேல ஏறு," என்றாள்.

"இந்த மூலை முடியட்டும்மா."

"ஏறுடி மேல."

வரப்பில் உப்புக் குவியலுக்குப் பின்னால் மகளை உட்காரவைத்துத் துணியை விலக்கினாள். தொடையின் பின்புறம் வார் நழுவி, தாள் கிழிந்திருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. அதற்கு மேலே ஆறிப்போன தழும்புகள். பெண் பல்லைக் கடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் அந்தத் தண்ணீரில் நின்றிருக்கிறாள்.

"பாறை கீறிடுச்சும்மா. கரையில உப்புப் பாறை அடுக்கும்போது."

"அட்யேரிகிட்ட கட்டு எத்தனாவது தடவை?"

கெங்கோன்சி வரப்பு மண்ணைக் கிள்ளினாள். "நாலு."

"எதால அடிச்சான்?"

"அடிக்கல. பட்டாக்கத்தியோட தட்டைப் பக்கத்தாலதான் போட்டான். கத்தி திரும்பிடுச்சு."

"என்கிட்ட ஏன்டி சொல்லல? கூப்பிடு தூரத்துலதான நிக்கிறேன் தினமும்?"

"கட்டுப் போடறப்ப பெரியம்மா வேணாம்னாங்க. உங்கம்மா வாய் சும்மா இருக்காது, ஊர்க் கவுன்சில் வரைக்கும் போவா, அப்புறம் நீ எங்க போய் நிப்பன்னாங்க. கொஞ்ச நாள்ல சரியாயிடுவான்னாங்க."

குனிஹிரா குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் காயத்தைக் கழுவினாள். தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டினாள். அவளுக்கு மருமகன் பலிண்டாமேல் வந்த கோபம் ஒரு பக்கம் இருந்தது. அவன் நேற்று வந்தவன்தானே. ஆனால் நெஞ்சை அறுத்தது அவன் இல்லை. அவள் பாத்தியில் இறங்கினாள். ஏடு மிதக்கிறதே, விட்டுவிட்டு உட்கார முடியுமா. வரப்பை ஒட்டிப் போய் நின்று வாரினாள்.

"கபொனேசா," என்றாள்.

வரப்புக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். "பேர் சொல்லிக் கூப்பிடுற அளவுக்கு வந்தாச்சா. சரி, சொல்லு. கைய நிறுத்தாத, மேகத்தப் பாரு."

"என் பொண்ணுக்கு நாலு தடவை கட்டுப் போட்டிருக்க."

"அஞ்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"உனக்குப் போட்டப்ப உங்கண்ணன்கிட்ட சொன்னேனா? நீதான காலப் பிடிச்ச. சொல்லாத அட்யேரி, சொல்லாத அட்யேரின்னு."

பொய் இல்லை. குனிஹிராவின் புருஷன் கதேபா போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம். பக்கத்து நன்னீர் ஏரியில் மீன் பிடிக்கப் போனபோது நீர்யானை முட்டிக் கவிழ்த்த படகில் அவன் இருந்தான். அதற்கு முந்தின ஆறு வருஷம் குனிஹிரா எத்தனை தடவை கட்டுப் போட்டுக்கொண்டாள் என்று கணக்கில்லை. அப்போது அந்தக் களிம்பு மட்டும் இல்லையென்றால் செத்திருப்பேன் என்று நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தவள், இன்றைக்குத்தான் முதல்முறையாக வேறு மாதிரி நினைத்தாள். அந்தக் களிம்பு இல்லாதிருந்தால் ஏரிக்கரை கேட்டிருக்கும். அண்ணன் வந்திருப்பான். ஆறு வருஷம் ஆறு மாசத்தில் முடிந்திருக்கலாம்.

"நான் பட்டது என்னோட போகட்டும். இவ குழந்தை."

"யாரு குழந்தை? இந்த வயசுல நீ அவள இடுப்புல வச்சுக்கிட்டு நின்ன." கபொனேசா பேசினைக் கொட்டிவிட்டு வந்தாள். "இங்க பாரு அகீகி, பலிண்டா கெட்டவன் இல்ல. நாள் பூரா ஏரிக்குள்ள தெப்பத்துல நின்னு, அடியில கிடக்கிற உப்புப் பாறையக் கம்பியால உடைக்கிறான். கண்ணுல உப்பு, காதுல உப்பு. வீட்டுக்கு வர்றப்ப மனுஷனாவா வருவான்?"

"நாம மட்டும் எதுல நிக்கிறோம், பால்லயா? நாம யாரப் போட்டு அடிச்சோம்?"

"நாம வாயால தீத்துக்கறோம். அவனுங்களுக்கு அது வராது."

"இருபது வருஷமா இதையேதான் சொல்ற. கதேபாவுக்கு மீன் கிடைக்கல, அதனால. இவனுக்கு உப்பு, அதனால. எவனுக்காவது ஒருத்தனுக்கு, அவன் கை திமிராலன்னு சொல்லியிருக்கியா?"

"சொல்லி? சொன்னா வலி நிக்குமா? நான் போடுற மருந்துல நிக்கும்." கபொனேசா மூச்சு வாங்கினாள். "திரும்பி வந்த பொம்பளை கதி உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஏழு வருஷம் எங்கண்ணன் வீட்டு அடுப்படியில படுத்தேன். அண்ணி நாய்க்கு வச்சுட்டுத்தான் எனக்கு வைப்பா. இதுக்கு அடிக்கிற கையே தேவலாம்னு புருஷன்கிட்ட திரும்பிப் போனேன். அதுக்குள்ள வேற ஒருத்தி உள்ள உக்காந்து களி கிண்டிக்கிட்டிருந்தா. அந்த ஏழு வருஷம் உன் பொண்ணுக்கு வேணாம்னுதான்டி நான் வாய மூடினேன்."

"அவளுக்கு நான் இருக்கேன்."

"நீ இருக்க. வீடு? அது கதேபாவோட தம்பிங்க வீடு. நீ இருக்கறதே அவனுங்க தயவு. பேசாம வாரு, மேகம் இறங்குது."

அன்றைக்கு மழை வரவில்லை. குனிஹிரா மகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், திருப்பி அனுப்பவில்லை. கேழ்வரகுக் களி கிண்டி, புகைமீனைப் பிய்த்துப் போட்டு நிலக்கடலைச் சாறு வைத்தாள். பெண் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். தாய் மீதிச் சாற்றையும் அவளுக்கே ஊற்றினாள். அங்கே என்ன சாப்பிட்டாளோ.

"இங்கேயே இரு," என்றாள். "சனிக்கிழமை கவுன்சில் கூடுது. நீ நடந்ததைச் சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்."

"நான் சொன்னா யாரும்மா நம்புவா? அவன் ஊர்ல எல்லாருக்கும் நல்லவன். பெரியம்மாதான் ஒவ்வொரு தடவையும் பாத்தவங்க. அவங்க சொன்னா நானும் சொல்றேன். சொல்லிட்டு இங்கேயே இருந்துடறேன். அவங்க சொல்லலன்னா நான் சொல்லி என்ன ஆகப்போகுது, அங்கதான போகணும், போய் அதுக்கும் சேத்து வாங்கணும்."

பாத்திரத்தை வழித்துக்கொண்டே அவள் இன்னொன்றும் கேட்டாள். "அப்பா உன்னை ஒரு தடவை கூட அடிச்சதில்லல்ல? எனக்கு ஏம்மா அப்படி ஒருத்தன் கிடைக்கல?"

குனிஹிராவின் கை நின்றது. கதேபாவைப் புதைத்த அன்று கபொனேசா அவள் காதில் சொன்னது நினைவுக்கு வந்தது. செத்தவன் பேரைக் கெடுக்காதே, பெண் தகப்பன் நல்லவன் என்று நினைத்தே வளரட்டும் என்றாள். அதற்குப் பிறகு மகள் கேட்டபோதெல்லாம் குனிஹிரா அப்படியே சொன்னாள். சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது. இப்போது உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். பெண் முகத்தைப் பார்த்தாள். அடிபட்ட உடம்போடு வந்து உட்கார்ந்திருக்கிறவளிடம், நீ நம்பியிருந்த அந்த ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது. முதலில் இவள் தப்பட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

"அப்பா மாதிரி எல்லாரும் இருப்பாங்களா. சாப்பிடு," என்றாள்.

மறுநாள் காலையில் குனிஹிரா கபொனேசாவின் வீட்டுக்குப் போனாள். அங்கே வேறொருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குனிஹிராவைப் பார்த்ததும் துணியை இழுத்து மூடிக்கொண்டாள். நானே எத்தனை பேரை இந்த வாசலுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று குனிஹிராவுக்கு உறைத்தது. அந்தப் பெண் போகும்வரை காத்திருந்தாள்.

"சனிக்கிழமை வா," என்றாள். "நீ எதையும் சேத்துச் சொல்ல வேணாம். பாத்ததை மட்டும் சொல்லு. அது போதும். அவ பிழைச்சுக்குவா."

கபொனேசா கையில் இருந்த நெய்யைத் துடைத்தாள். "நான் ஒரு வீட்டை உடைச்சேன்னு பேர் வந்தா, நாளைக்கு எந்தப் புருஷன் அவன் பொண்டாட்டிய என் வாசலுக்கு விடுவான்? இப்ப போனாளே, அவ எங்க போவா?"

"உன்னைக் கெஞ்சறேன் அட்யேரி. இருபது வருஷத்துல உன்கிட்ட வேற எதுவும் கேட்டதில்ல."

கபொனேசா களிம்புச் சட்டியை மூடி வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வர்றேன். வராம இருப்பேனா," என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு குனிஹிரா அழுதாள். அவசரப்பட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டோமே என்றுகூட வருந்தினாள், பாவம்.

சனிக்கிழமை உப்பு நிறுக்கிற தகரக் கொட்டகையில் கூட்டம். ஆண்கள் பெஞ்சில், பெண்கள் பாயில். பலிண்டா வெளுத்த சட்டை போட்டு, சித்தப்பாவோடு, ஒரு கேன் வாழைக் கள்ளையும் மரியாதைக்குக் கொண்டுவந்திருந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. அவனைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம்தான் வரும். கவுன்சிலில் பெண்களுக்கென்று இருந்த உறுப்பினர் கெங்கோன்சியை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வெட்டுக் காயம் இருக்கு, தழும்பும் இருக்கு. எதனாலன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றாள்.

"நீ சொல்லும்மா," என்றார் தலைவர்.

கெங்கோன்சி பாயின் ஓரத்தைப் பார்த்தாள். "பெரியம்மா சொல்லுவாங்க. அவங்கதான் பாத்தவங்க."

கபொனேசா எழுந்து துணியைச் சரிசெய்துகொண்டாள். "பாத்தேன், தலைவரே. அஞ்சு தடவை கட்டுப் போட்டேன். பாறை விளிம்பு கீறின காயம். புதுசா வாழ வந்த பொண்ணு, பாறை அடுக்கப் பழகல. இந்தக் கரையில அந்தக் கீறல் இல்லாத கால் யாருக்கு இருக்கு?"

ஒருவன் சிரித்துக்கொண்டு கால்சட்டையைச் சுருட்டித் தன் தழும்பைக் காட்டினான். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள சத்தம் இருக்கும். அது எந்த வீட்டுல இல்ல," என்று முடித்துக் கபொனேசா உட்கார்ந்துவிட்டாள். கெங்கோன்சி தலையைத் தூக்கவே இல்லை.

எழுந்து நின்றதே குனிஹிராவுக்குத் தெரியாது.

"பொய் சொல்றா. இவ இப்படித்தான் எல்லாருக்கும் மூடி மூடி வைக்கிறா. எனக்கும் இதே கட்டுத்தான் போட்டா. கதேபா என்னை அடிச்சான். ஆறு வருஷம் அடிச்சான். துடுப்பால அடிச்சான், பச்சை உடம்போட இருந்தப்ப மிதிச்சான். நான் யாருக்கும் சொல்லல, இவளுக்கு மட்டும்தான் தெரியும். இவ பேச்சைக் கேட்டு வாய மூடிக்கிட்டிருந்தேன். என் பொண்ணும் அப்படிப் போகக்கூடாதுன்னுதான் இப்ப சொல்றேன்."

கதேபா தேவாலயத்தில் பாட்டுக் கட்டுபவனாக இருந்தவன். அவனோடு சேர்ந்து பாடிய இரண்டு பேர் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார்கள். தலைவர் சங்கடத்தோடு கபொனேசா பக்கம் திரும்பினார்.

"நீ பக்கத்துப் பாத்திக்காரி. உனக்குத் தெரிஞ்சு அப்படி ஏதாவது உண்டா?"

கபொனேசா குனிஹிராவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நிஜமாகவே பாசம் இருந்தது. அதுதான் கொடுமை.

"அகீகி," என்றாள் மெதுவாக, "பொண்ணு மேல இருக்கிற பாசத்துல பேசற, எனக்குப் புரியுது. கதேபா ஒரு நாளும் உம்மேல கை வச்சதில்ல. நீயே எத்தனை தடவை எல்லார்கிட்டயும் சொல்லியிருக்க. வச்சிருந்தா என் கண்ணுக்குத் தப்புமா?"

ஆமாம் ஆமாம் என்று பாயில் இருந்த பெண்களே தலையாட்டினார்கள். அதில் நாலைந்து பேர் கபொனேசாவிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள். குனிஹிரா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தியும் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை.

கெங்கோன்சி எழுந்து தாயின் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, போதும்," என்றாள். "என்னைக் கூட வச்சுக்கறதுக்காக அப்பாவை ஏன் இதுல இழுக்கற? அவர்தான் செத்துட்டாரே." அவள் குரலில் கோபம் இல்லை. பொய் சொல்லிப் பிடிபட்ட பிள்ளையிடம் பேசுகிற குரலாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டாள். பலிண்டா அதை அவள் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். பார்த்தவர்கள், எவ்வளவு நல்ல பையன் என்றார்கள்.

மழை ஞாயிற்றுக்கிழமை பிடித்தது, பத்து நாள் விடவில்லை. குனிஹிரா வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். தேவாலயத்தில் அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று தெரிந்ததும் அங்கேயும் போகவில்லை. மகள் வீட்டு வாசலுக்கு ஒரு தடவை போனாள். பலிண்டா மரியாதையாக முக்காலி போட்டு உட்காரவைத்தான். கெங்கோன்சி வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து, "அம்மாவப் போகச் சொல்லு," என்று மட்டும் கேட்டது.

தனக்கு நடந்த இதையெல்லாம் யாரிடமாவது கொட்டினால்தான் தாங்கும் என்று அவளுக்கு இருந்தது. யாரிடம் கொட்ட? இருபது வருஷமாக எந்த வலியானாலும் அவள் கால் ஒரே வாசலுக்குத்தான் நடந்து பழகியிருந்தது. இப்போது கதேபா செய்ததற்கு உலகத்தில் ஒரே சாட்சி கபொனேசா, அவளும் இல்லை என்றுவிட்டாள். சில நேரம் குனிஹிராவுக்கே சந்தேகம் வந்து, கதேபா மிதித்த விலா எலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மழை விட்டதும் பாத்திக்குப் போனாள். நடு வரப்பு மூன்று இடத்தில் உடைந்து, இரண்டு பாத்தியும் ஒரே குளமாகிக் கிடந்தது. கபொனேசா முன்னாலேயே வந்து சேறு மிதித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா அகீகி. அந்தப் பக்கம் கம்பைப் பிடி, நான் மண் அப்பறேன்."

குனிஹிரா அசையவில்லை. "எப்படி உனக்கு மனசு வந்துச்சு?" என்றாள்.

"எதுக்கு?"

"கதேபா என்னைத் தொடலன்னு சொல்ல."

கபொனேசா ஒரு கை சேற்றை எடுத்து உடைப்பில் அறைந்தாள். "ஊருக்குச் சொன்னது ஊருக்கு. நடந்தது நமக்குத் தெரியாதா?"

"இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்."

"சரி, முழிக்காத. வரப்பை யார் கட்டுவா?" அவள் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள். குரல் தணிந்தது. "உன் பொண்ணு நேத்து வீட்டுக்கு வந்திருந்தா. உன்கிட்ட சொல்ல வேணாம்னா. நீயாக் கேட்டா சொல்லுவேன், கேக்கலன்னா சொல்ல மாட்டேன். மூஞ்சில முழிக்காதவளுக்கு நான் எப்படிச் சொல்றது?"

குனிஹிரா திரும்பி இரண்டு அடி நடந்தாள். தண்ணீர் முழங்காலில் அலம்பியது. மகள் வீட்டு வாசலில் அவளுக்கு இடமில்லை. அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இந்த ஊரில் ஒரே வழி இவள் வாய்தான். அந்த வாய் என்ன சொல்லும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்து குனிந்து கம்பைப் பிடித்தாள்.

"எப்படி இருக்கா, அட்யேரி?"

"நல்லா இருக்கா," என்றாள் கபொனேசா. "ஒரு கீறல்கூட இல்ல. கம்பை ஆழமா ஊணு."